சீடர் ராபிட்ஸில் 81 ஆட்டங்கள்

2009 இறுதியில் விமான மின்னணுக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து, அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் ஊருக்கு வந்து சேர்ந்தோம். 2008 ஜூன் வெள்ளத்தில் ஊரின் நடுப்பகுதியே மூழ்கியிருந்தது. நாங்கள் வந்தபோதும் ஆற்றங்கரை வீடுகள் சிலவற்றின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் ஓட்ஸ் ஆலையிலிருந்து கஞ்சி காய்ச்சுகிற வாசம் வரும். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. உள்ளூர் பேஸ்பால் அணியின் பெயரும் கர்னல்ஸ்தான், அதாவது மக்காச்சோள மணிகள்.

எனக்கு அப்போது பேஸ்பால் தெரியாது. கோவில்பட்டியில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன், பந்தைத் தரையில் குத்தாமல் எறிகிற ஆட்டத்தை ஒரு மாற்றுக் குறைவாகவே நினைத்துவந்தேன். 2010 மே மாதம் அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஆறு வயது மகனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் பாப்கார்ன் பொட்டலத்தில் முகம் புதைத்திருந்தான். நான் ஸ்கோர் பலகையைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பையன் பந்தைத் தவறாக அடித்தான். சப்பென்று ஷார்ட்ஸ்டாப் என்ற உள்களத் தடுப்பாளர் பக்கம் உருண்டது. எடுத்து எறிந்தால் ஆட்டமிழப்பு, இதைச் சொல்ல விதிமுறை தெரியவேண்டியதில்லை. ஷார்ட்ஸ்டாப்காரன் தடுமாறவில்லை, எறிந்ததும் நேராகத்தான் போனது. ஆனால் பந்து போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் ஓடிச் சேரவேண்டிய முதல் முனையை, அதாவது முதல் பேஸை, தாண்டி ஓடி முடித்திருந்தான். தோள் ஒரு கால்பந்து வீரனுடையது, கால் ஓட்டக்காரனுடையது. நண்பர் என் பக்கம் குனிந்து, "பதினெட்டு வயது. பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மைக் ட்ரவுட்.

அந்தக் கோடையில் இன்னும் ஏழெட்டு முறை போனேன். ட்ரவுட் எங்கள் ஊரில் ஆடியது 81 ஆட்டங்கள். அடி விகிதம் 0.362, யாரும் அடிக்காமலே ஓடிப் பிடித்த, அதாவது திருடிய, பேஸ்கள் 45. பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை அடித்தாலே கெட்டிக்காரன். ஜூலையில் அனஹைமில் நடந்த இளம் வீரர்களுக்கான ஃபியூச்சர்ஸ் ஆட்டத்துக்குப் போனவன் திரும்பியதும் அடுத்த மேல்படியில் இருந்த கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்கா அணிக்கு ஏற்றிவிட்டார்கள். அதோடு எங்கள் ஊருக்கும் அவனுக்குமான கணக்கு முடிந்தது.

அதன்பிறகுதான் அவன் வந்த வழியைத் தேடிப் படித்தேன். நியூ ஜெர்சியின் தென்கோடியில் மில்வில் என்ற கண்ணாடித் தொழில் ஊர். அப்பா ஜெஃப் ட்ரவுட் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியராக இருந்தவர். அவரும் பேஸ்பால்காரர்தான். 1983இல் மின்னசோட்டா ட்வின்ஸ் ஐந்தாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. மைனர் லீகில், அதாவது மேஜர் லீகுக்குக் கீழே படிப்படியாக இருக்கும் லீகுகளில், மேலிருந்து இரண்டாம் படியான டபுள்-ஏ வரை ஏறியவர், காயத்தோடு திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். மகன் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப் ஆடினான், பந்தும் வீசினான். கடைசி ஆண்டில்தான் வெளிக்களத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு 18 ஹோம் ரன் அடித்தது மாநில சாதனை. குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடினான். இதை அடிக்கோடிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பெற்றோர்கள், நானும் சேர்த்துத்தான், பிள்ளை ஒன்பது வயதாகும் முன்னரே ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டு என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் ட்ராஃப்டில், 2009இல் அவனை 25ஆவது இடத்தில்தான் எடுத்தார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் வடகிழக்கில் மார்ச், ஏப்ரலில் பேட்டைப் பிடித்த கை விறைக்கும். மழையில் ஆட்டங்கள் ரத்தாகும். அணிகளுக்காகத் திறமை தேடும் ஸ்கவுட், ஃப்ளோரிடாப் பையனை ஆண்டில் பலமுறை பார்ப்பார், நியூ ஜெர்சிப் பையனைச் சில முறைதான் பார்ப்பார். எதிரில் ஆடும் அணிகளின் தரம் பற்றியும் சந்தேகம் எழும். அப்போது கர்னல்ஸின் தாய் அணியாக இருந்த மேஜர் லீகின் ஏஞ்சல்ஸ் அணியின் ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட்டுக்கு அந்தச் சந்தேகம் குறைவு. அவர் மைனர் லீகில் ஜெஃப் ட்ரவுட்டோடு ஒரே அணியில் ஆடியவர். அந்த 25ஆவது இடமே நியூயார்க் யாங்கீஸ் அணியிடமிருந்து ஏஞ்சல்ஸுக்குக் கைமாறி வந்தது, மார்க் டெக்ஸேராவை யாங்கீஸ் ஒப்பந்தம் செய்ததற்கு ஈடாக. ட்ராஃப்ட் இரவில் நியூ ஜெர்சியின் செகாகஸ் ஊரில் இருந்த தொலைக்காட்சி நிலையத்துக்கு நேரில் போன வீரன் ட்ரவுட் ஒருவன்தான். கோட்டு போட்டுக்கொண்டு, கேமரா முன், அடுத்தவர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏஞ்சல்ஸ் அதே இரவு 24ஆவதாக எடுத்தது ராண்டல் கிரிச்சுக். அவரும் 2010இல் எங்கள் ஊர் மைதானத்தில் ஆடினார். காயங்கள் துரத்தின. மேஜர் லீகில் அவர் முதல் ஆட்டம் ஆடியது 2014இல், அதுவும் வேறு அணியில். 2010இல் எங்கள் ஊரில் பந்து வீசிய டைலர் ஸ்காக்ஸும் பேட்ரிக் கார்பினும் அந்த ஜூலையில் நடந்த ஒரு பேரத்தின் பகுதியாக அரிசோனாவுக்குப் போய்விட்டார்கள். பத்தொன்பது, இருபது வயதில் தன்னை எந்த அணி வைத்திருக்கிறது என்பதே கைமாறிவிடும். பிள்ளையை இந்த வழியில் விடுகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ட்ரவுட்டின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி எல்லோரும் தாண்டிப் போகிற பகுதி. 2011 ஜூலை 8, டபுள்-ஏ அணியிலிருந்து நேராக மேஜர் லீகுக்குக் கூப்பிட்டார்கள். வயது பத்தொன்பது. முதல் ஆட்டத்தில் மூன்று முறை ஆடி ஒன்றும் அடிக்கவில்லை. சில வாரங்களில் திருப்பி அர்கன்ஸா டபுள்-ஏ அணிக்கு அனுப்பினார்கள், பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். அந்த ஆண்டு 40 ஆட்டங்களில் விகிதம் 0.220. அடுத்த ஆண்டு பயிற்சி முகாமின்போது காய்ச்சலில் படுத்து எடை குறைந்ததால் ஏப்ரலை மேஜர் லீகுக்கு அடுத்த கீழ்ப்படியான ட்ரிபிள்-ஏயில், சால்ட் லேக்கில் தொடங்கினான். 20 ஆட்டங்களில் 0.403. ஏப்ரல் 28 அன்று மேலே கூப்பிட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் 0.326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு, ஒருமனதாக ஆண்டின் சிறந்த புதுமுகம். மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, 2019இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 42 கோடியே 65 லட்சம் டாலர் ஒப்பந்தம் எல்லாம் பின்னால் வந்தவை.

என் வீட்டில் அந்த 0.220 ஒரு மந்திரம்போல ஆகிவிட்டது. மகன் ஆட்டத்தில் சொதப்பிவிட்டு வரும்போதெல்லாம் சொல்வேன். பத்து வயதில் ஒருநாள் அவன், "அப்பா, ட்ரவுட் 0.220 அடித்தது மேஜர் லீகில். நான் அடித்தது பக்கத்துத் தெருப் பையனிடம்" என்றான். அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டேன்.

2015இல் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கர்னல்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவன், ஒருவன் குடியேறினான். அன்று மைனர் லீக் பையன்களுக்கு வாடகை கொடுக்க வழியில்லை. ஊர்க்காரர்கள் ஓர் அறையைச் சும்மா கொடுப்பார்கள், பதிலுக்கு சீசன் டிக்கெட் கிடைக்கும். 'ஹோஸ்ட் ஃபேமிலி' என்பார்கள். எங்களுக்கு வந்தவன் ஓக்லஹோமாவைச் சேர்ந்த இடதுகைக்காரன், வயது 22, கல்லூரி முடித்து இருபதாவது சுற்றுக்கும் பிறகு எடுக்கப்பட்டவன். ட்ரவுட்டுக்குக் கையெழுத்துப் போட்டபோது கிடைத்தது 12 லட்சத்து 15 ஆயிரம் டாலர். இவனுக்குக் கிடைத்ததில் ஒரு பழைய கார் வாங்கலாம். பெயர் சொல்ல அவனைக் கேட்கவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். என் மனைவி அவனைத் "தம்பி" என்று கூப்பிட்டாள். அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து அவன் எங்கள் மகனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தான். பொருள் தெரியாமலே சரியாக அமைந்துவிட்டது.

மைனர் லீக் என்றால் என்ன என்பதை அந்த ஐந்து மாதத்தில்தான் கண்டேன். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை 140 ஆட்டங்கள். விடுமுறை நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒஹாயோவின் டேட்டன் வரை பஸ்ஸில் போய் ஆடிவிட்டு இரவோடிரவாகத் திரும்பி, விடிகாலை நான்கு, ஐந்து மணிக்குப் பின்கதவைச் சத்தமில்லாமல் திறப்பான். வெளியூரில் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 25 டாலர். அடுப்பு மேல் தயிர்சாதம் மூடி வைத்திருக்கும். முதல் வாரம் அதைச் சந்தேகமாகப் பார்த்தவன், ஜூனில் ஊறுகாய் எங்கே என்று கேட்டான். தோசைக்குள் வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சுருட்டித் தின்பதை மட்டும் என் மனைவியால் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை.

சம்பளம் பற்றித் தெளிவாகச் சொல்லவேண்டும், கனவு காண்கிறவர்கள் கேட்பதில்லை. 2020 வரைக்கும் கீழ்நிலை லீகில் வாரத்துக்கு 290 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் அவன் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். 2022 முதல் தங்குமிடம் கொடுப்பது தாய் அணிகளின் பொறுப்பாகிவிட்டது. 2023இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. கர்னல்ஸ் இப்போது இருக்கும், டபுள்-ஏவுக்கு அடுத்த கீழ்ப்படியான ஹை-ஏ நிலையில் அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 27,300 டாலர், ட்ரிபிள்-ஏயில் 35,800 டாலர் ஆனது. பரவாயில்லை என்று சொல்லலாம். இன்னொரு பக்கம், 2021இல் மைனர் லீகில் 160 ஆக இருந்த அணிகள் 120 ஆகின. ட்ரவுட் காலத்தில் 50 சுற்று நடந்த ட்ராஃப்ட் இப்போது 20 சுற்று. எங்கள் பேஸ்மென்ட் பையனைப் போன்றவனுக்கு இன்று ட்ராஃப்டில் இடமே இல்லை.

அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வோர் இரவும், எத்தனை மணியானாலும், எதிர்த்து ஆடியவர்களைப் பற்றி எழுதுவான். யார் முதல் பந்திலேயே பாய்கிறான், யாருடைய முன்கால் விலகுகிறது, தான் எந்தப் பந்தை அவசரப்பட்டு எறிந்தான். தோற்றதா வென்றதா என்று அதில் இருக்காது. ஒன்றுமே பிடிபடாமல் ஐந்து ரன் கொடுத்த ஒரு நாளில் மூன்று பக்கம் எழுதியிருந்தான். பதினோரு வயது மகன் அதைப் பார்த்து ஒரு நோட்டு வாங்கச் சொன்னான். இன்றும் வைத்திருக்கிறான், எத்தனையாவது என்று தெரியாது.

எனக்கும் அவன் ஒன்று கற்றுக்கொடுத்தான். மகனின் ஆட்டம் ஒன்றுக்கு எங்களோடு வந்திருந்தான். திரும்பும் வழியில் வழக்கம்போல நான் வண்டியோட்டிக்கொண்டே மகனுக்குப் பாடம் எடுத்தேன்: முழங்கை தாழ்ந்தது, மூன்றாவது பந்தை விட்டிருக்கக் கூடாது, கண் பந்தில் இல்லை. பின்னிருக்கையில் இருவருமே பேசவில்லை. இரவு என்னிடம் தனியாகச் சொன்னான்: "சார், என் அப்பா வண்டியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கே சாப்பிடலாம் என்று மட்டும் கேட்பார். அதனால்தான் எனக்கு இன்னும் இந்த விளையாட்டு பிடித்திருக்கிறது." கோபம் வந்தது. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் காரில் மகனிடம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன். அவன் என்னை ஏதோ காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனால் பத்து நிமிடத்தில் அவனாகவே மூன்றாவது பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அடுத்த மார்ச்சில் பயிற்சி முகாமில் ஓக்லஹோமாப் பையனை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு அடுத்த போனை என் மனைவிக்குப் போட்டான். மகன் அன்று பள்ளிக்குப் போகவில்லை. நாங்களும் போகச் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018, மகனுக்கு 14 வயது. ஊர் அணி ஒன்று, வெளியூர் போகும் டிராவல் அணி ஒன்று, இரண்டிலும் பந்து வீசினான். ஒரு சனிக்கிழமை காலை முதல் அணிக்கு 70 பந்து. ஞாயிறு மாலை அடுத்த அணிக்கு 50. ஒரு பயிற்சியாளருக்கு மற்றவர் கணக்கு தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன், வாய் திறக்கவில்லை, ஏனென்றால் ஞாயிறு ஆட்டத்தில் யாரோ முக்கியமானவர் பார்க்க வருகிறார் என்று பேச்சு. திங்கள் காலை அவனால் வலதுகையால் ஷூ கயிற்றை இழுத்துக் கட்ட முடியவில்லை. முழங்கையின் வளர்ச்சித் தட்டில் வீக்கம் என்றார் மருத்துவர். ஆறு வாரம் எதையும் எறியக் கூடாது.

மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இலேயே 'பிட்ச் ஸ்மார்ட்' வரம்புகளை வெளியிட்டிருந்தன. 13-14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து, 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. 17-18 வயதில் வரம்பு 105. ஆண்டில் நான்கு மாதமாவது எறிவதே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. இது எல்லாம் எனக்குத் தெரியும், அச்சிட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தேன்! அதன்பிறகு பாக்கெட்டில் எண்ணும் பொத்தான் கருவி ஒன்று வைத்துக்கொண்டேன். எந்த அணியில் எத்தனை என்று சனிக்கிழமை இரவே இரு பயிற்சியாளருக்கும் செய்தி அனுப்புவேன். ஒருவருக்கு எரிச்சல். அனுப்பிக்கொண்டேதான் இருந்தேன்.

இன்னொன்று, ஸ்கவுட்டுகளும் கல்லூரிப் பயிற்சியாளர்களும் பார்ப்பார்கள் என்று பணம் கட்டிப் போகும் திறன் காட்சிகள். வேறு மாநிலத்தில் நடந்த ஒன்றுக்குக் கட்டணம், ஹோட்டல், பெட்ரோல் என்று ஒரு மாத வீட்டு வாடகை அளவு செலவழித்தேன். மகன் ஓடினான், எறிந்தான், எட்டுப் பந்து அடித்தான், ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். அடுத்த வாரமே "உங்கள் மகன் தேர்வு பெற்றிருக்கிறான்" என்று ஐந்து கடிதம். எல்லாம் அடுத்த காட்சிக்குப் பணம் கட்டச் சொன்னவை. ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் உண்மையிலேயே விரும்பினால் பிள்ளையின் கைப்பேசிக்கு அவரே கூப்பிடுவார், பள்ளி மதிப்பெண் பட்டியல் கேட்பார். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. எண்கள் ஓரளவு நன்றாக இருக்கும் வயதில், பதினாறுக்கு மேல், ஒன்றிரண்டுக்குப் போனால் போதும் என்பது என் எண்ணம்.

உதவித்தொகை பற்றியும் நம்மவர்கள் நிறையத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவில் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைதான். அதை இருபத்தேழு பேருக்குப் பங்கு பிரிப்பார்கள். அண்மையில்தான் அந்த வரம்பு நீக்கப்பட்டது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு காசு கிடையாது, ஆனால் படிப்புக்கு உண்டு. பள்ளியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்குப் போனால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, மறுபடி ட்ராஃப்டில் எடுக்க முடியாது. இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த பிட்சர் குமார் ராக்கர் அப்படித்தான் போனார். பள்ளியிலிருந்து 38ஆவது சுற்றில் எடுத்தார்கள், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 2021இல் 10ஆவதாக எடுத்த அணி மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. மறு ஆண்டு மூன்றாவதாகப் போனார். 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் பந்து வீசினார். அவர் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்டபோது என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

மகனுக்கு அந்த உயரம் இல்லை. பதினேழு வயதில் அவனுக்கே தெரிந்தது, எங்களுக்கு முன்னால். நாட்டில் அயோவாவில்தான் பள்ளி பேஸ்பால் கோடையில் நடக்கும். 2020இல் பெருந்தொற்றுக்கு நடுவே நாட்டில் முதலில் களம் திறந்ததும் இங்கேதான். அந்த ஜூனில் இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து அவன் ஷார்ட்ஸ்டாப் ஆடுவதைப் பார்த்தேன். உருண்டு வந்த பந்தை அழகாக எடுத்தான், எறிந்ததும் நேராகப் போனது. ஓடியவன் மெதுவானவன், ஆட்டமிழந்தான். ட்ரவுட் ஓடியிருந்தால் தப்பியிருப்பான் என்று தோன்றியது. சொல்லவில்லை.

மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில், படிப்புக்கான உதவியோடு, நான்கு ஆண்டு ஆடினான். அதில் இரண்டாண்டு பெஞ்சில். பேஸ்மென்டில் அவன் பந்தடித்துப் பழகிய மூலையில் சுவர் பூச்சு ஒரு கைப்பிடி அளவு பெயர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் பூசவேண்டும் என்று பேசிக்கொள்கிறோம்.

ஓக்லஹோமாக்காரன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறான், பேஸ்பால் பயிற்சியும் கொடுக்கிறான், ஜெஃப் ட்ரவுட்டைப் போல. சென்ற மாதம் கூப்பிட்டான். கோடை முகாமில் உள்களப் பையன்களுக்குப் பந்து உருட்டிவிட ஓர் ஆள் வேண்டுமாம். "தம்பியை அனுப்புங்கள், சார். சம்பளம் குறைவு, சாப்பாடு உண்டு" என்றான். மகன் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டான். அந்த எண்ணும் பொத்தான் கருவியையும் பையில் போட்டுக்கொண்டான், என்னைக் கேட்காமலே.